கூரைப் பீலியைப் புதுப்பித்தலும் மழைநீரை வழிப்படுத்தலும்

ஊவா மாகாணத்தில் ஐப்பசி பிறந்ததும் மழை வலுக்கும். வடகீழ்ப் பருவக்காற்றினால் அது தை மாதம் வரை தொடரும். பதுளையில் ஓராண்டிற் பெய்யும் ஏறக்குறைய 1,800 மில்லிமீற்றர் மழையிற் பெரும்பங்கு இம்மாதங்களிலேயே கிடைக்கின்றது. அதற்கு முன், ஆனி முதல் ஆவணி வரை வீசும் வறண்ட கச்சான் காற்றானது சருகையும் தூசியையும் வாரிக் கூரையிலே சேர்த்துவிடும். ஆதலாற் பீலியைக் கழற்றிப் பார்ப்பதற்குத் தகுந்த காலம் புரட்டாதியே. மழை தொடங்கிய பின்னர் ஏணி தேடுவதிற் பயனில்லை.

தோட்டப்புறங்களிற் பீலி என்றவுடன், ஊற்றுநீர் வந்து விழும் குளிக்கும் இடத்தையே பலரும் நினைப்பர். இங்கு கூறப்படுவது கூரை விளிம்பிற் கட்டப்படும் பீலியாகும்.

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர் நீராகும். 30 அடி நீளமும் 20 அடி அகலமுமுள்ள ஒரு வீட்டின் கூரை ஏறக்குறைய 56 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அக்கூரையிலிருந்து 5,600 லீற்றர் நீர் இறங்கும். 200 லீற்றர் கொள்ளும் பீப்பாய்களில் நிரப்பினால் 28 பீப்பாய்கள் வேண்டும். பீலி இல்லாத வீட்டில் இந்நீர் முழுவதும் சுவரின் அடியில் விழுந்து அத்திவாரத்தை இளக்குகின்றது. மலையை வெட்டித் தளமாக்கிக் கட்டிய வீடாயின், பின்புறத்து மண்மேட்டின் அடியும் ஊறிப்போகின்றது.

இதனைச் சிறிய காரியமாகக் கருதலாகாது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவா மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மழையாலும் பதுளை மாவட்டத்திற் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் மாண்டன. அத்தகைய பெருஞ்சரிவைக் கூரைப் பீலி தடுத்துவிடும் என்று எவரும் எண்ணலாகாது. எனினும், வீட்டுக் கொல்லைப்புறத்து மண்மேடு இடிந்து விழுவதற்குக் கூரை நீரும், அடைபட்ட கானும் பல சமயங்களிற் துணை செய்கின்றன. அவ்வளவையேனும் குடியிருப்போர் தம் கையாலேயே தடுக்க இயலும்.

பழைய தகரப் பீலியின் அடிப்பக்கத்தை ஓர் ஆணியால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஆணி உள்ளே இறங்கினால் அப்பீலியை மாற்றுதலே நன்று. தார் பூசி ஒட்டுப்போடுவது ஒரு மழைக்கே உதவும். புதிய பீலியின் அளவிற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நீர் வந்து சேரும் கூரையில் ஒரு சதுர மீற்றருக்குப் பீலியின் குறுக்குவெட்டு ஒரு சதுர சென்ரிமீற்றராவது இருத்தல் வேண்டும். மேற்கூறிய வீட்டில் ஒரு பக்கக் கூரை 28 சதுர மீற்றர். 4 அங்குல அகலமுள்ள அரைவட்டப் பீலி கணக்கின்படி போதுமானதே. ஆயினும் செங்குத்தான தகரக் கூரையிலிருந்து வேகமாக வரும் நீர் ஒடுங்கிய பீலியைத் தாண்டிப் பாய்ந்துவிடும். ஆகவே 5 அங்குலப் பீலியை வாங்குதல் உத்தமம். கூரைத் தகட்டின் நுனி பீலியின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு உள்ளே நீண்டிருக்க வேண்டும்.

சாய்வு 200க்கு 1 என்ற அளவு போதும். 30 அடி நீளத்திற்கு ஏறக்குறைய 2 அங்குலம் தாழும். கண்மட்டத்தை நம்பாது, ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளிலும் மட்டம் பார்த்து, நூல் பிடித்த பின்னரே தாங்கிகளை அறைதல் வேண்டும். தாங்கிகள் 2 அடிக்கு ஒன்றாக அமைக. இடைவெளி கூடினாற் பீலி நடுவில் தொய்ந்து நீர் தேங்கும். அந்நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,80,000க்கு மேற்பட்டோர் அந்நோயாற் பீடிக்கப்பட்டனர். பிளாஸ்ரிக் பீலி வெயிலில் நீளும் இயல்புடையதாகையால், பொருத்துகளிற் சிறிது இடம் விட வேண்டும்.

லயங்களின் நிலை வேறு. 120 அடி நீளமுள்ள ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் வாழும்போது, ஒருவர் தம் வாசலுக்கு மட்டும் பீலி கட்டினால் நீர் அயலாரின் வாசலிற் கொட்டும். தோட்ட நிருவாகத்தின் அனுமதியைப் பெற்று, எல்லோரும் சேர்ந்து செய்தலே முறை. நடுவில் உயர்த்தி இரு முனைகளுக்கும் 60 அடி வீதம் சாய்த்தால், ஒவ்வொரு பக்கமும் 3½ அங்குலத்திற்குச் சற்று அதிகமாகத் தாழும். இங்கு 6 அங்குலப் பீலியும் முனைக்கொரு குழாயும் வேண்டும்.

குழாய் வழியே இறங்கிய நீர் எங்கே செல்கின்றது என்பதிலேதான் பலர் தவறுகின்றனர். வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களிற் கோவா, போஞ்சி, உருளைக்கிழங்குப் பாத்திகள் வீட்டிற்குக் கீழேயே படிகளாக அமைந்துள்ளன. குழாய் நீரைப் பாத்தியின் தலைப்பிற் திறந்து விட்டால், இட்ட எருவும் மேல்மண்ணும் ஒரே இரவிற் கீழ் வயலுக்குப் போய்விடும். குழாயின் வாயிற் கற்களைப் பரப்பி, சீமெந்து பூசிய கானின் வழியாக நீரை ஓடைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். சமதரையில் நல்லதாகிய ஊறுகுழி, சரிவான நிலத்தில் ஆபத்தானது. அது மலையின் வயிற்றிலேயே நீரை ஊட்டுவதாகும்.

நீரைச் சேமிக்க விரும்புவோருக்கு இம்மாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. 1995ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியுடன் நடந்த சமுதாய நீர் வழங்கல், சுகாதாரத் திட்டம் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் 5,000 லீற்றர் கொள்ளும் மழைநீர்த் தொட்டிகளை அறிமுகஞ் செய்தது. நாளொன்றுக்கு 100 லீற்றர் எடுத்தால் நிறைந்த தொட்டி 50 நாட்களுக்குப் போதும்; வறண்ட ஆடியில் நாற்றுமேடைக்கு இதனிலும் வேறு துணை உண்டோ? கூரையிற் படிந்த தூசியும், அயற் தோட்டத்திற் தெளித்த மருந்தும் தொட்டியிற் சேராதபடி முதல் நீரை விலக்க வேண்டும். அடி மூடிய 4 அங்குலக் குழாய் 6 அடி நீளத்திற் செங்குத்தாக நிறுத்தப்பட்டால், ஏறக்குறைய 15 லீற்றர் முதல் நீரை அது ஏற்றுக்கொள்ளும். மழை விட்டபின் அடைப்பைத் திறந்து வெறுமையாக்குக. தார் பூசிய கூரையின் நீர் குடிப்பதற்கு ஆகாது.

பக்கம் நேரான, அகன்ற வாயுடைய ஒரு தகரப் பேணியை வெளியான இடத்தில் வைத்து, நாள்தோறும் நீரின் உயரத்தை அளவுகோலாற் பார்த்து வருக. ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் ஆனால் மேட்டையும் சுவரையும் கவனித்தல் வேண்டும். புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய அல்லது நின்றுபோன ஊற்று ஆகியவை ஆபத்தின் அறிகுறிகளாம். 100 ஆனால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150ஐ எட்டினாலும், ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும், இரவென்று பாராது வீட்டாரனைவரும் சரிவை விட்டு விலகிப் பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுதல் வேண்டும்.