பிரித்தெடுத்து, திரும்பக் கட்டிய ஊர்

கட்டடத்தைப் பிரித்து வேறு ஊருக்குக் கொண்டுபோகிற கதை மதுரைக்காரர்களுக்குப் புதிதில்லை. திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய அரண்மனையில், இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது ஏறக்குறைய கால் பங்குதான். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, அங்கே ஓர் அரண்மனை எழுப்புவதற்காக இங்கிருந்து தூண், மரவேலை, சிற்பம் என்று பெயர்த்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். போன சாமான்கள் மதுரையில் இருந்ததைப்போல ஓர் அரண்மனையாக அங்கே நிமிரவில்லை. மிஞ்சி நின்ற பகுதியை, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு செப்பனிடச் செய்ததால்தான் இன்று நமக்கு மஹால் என்று ஒன்று இருக்கிறது.

பெயர்ப்பது சுலபம். எது எங்கே இருந்தது என்று குறித்துவைத்து, திரும்ப அதே மாதிரி நிறுத்துவதுதான் பாடு. அந்தப் பாட்டைப் பொறுமையாகப் பட்டு உருவாக்கிய இடம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது: சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா. மதுரையை அடுத்த நம் திருமங்கலத்திலிருந்து 450 கிலோமீட்டருக்கு மேல். கோடை விடுமுறைக்குச் சென்னை போகிறவர்கள் மெரினா, வண்டலூர், மாமல்லபுரம் என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மாமல்லபுரம் போகிற வழியிலேயே இது இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு பொருள், பக்கத்தில் ஒரு சீட்டு என்றுதான் பழகியிருக்கிறோம். திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பொருளே வீடுதான். அதற்குள் நீங்கள் நுழையலாம், திண்ணையில் உட்காரலாம், அடுப்படியில் குனிந்து பார்க்கலாம். இந்த யோசனையைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர் சுவீடனைச் சேர்ந்த ஆர்தர் ஹாசேலியஸ். தொழிற்சாலையும் ரயிலும் வந்து கிராமங்களின் முகம் மாறுவதைப் பார்த்த அவர், நாட்டின் பல பகுதிகளிலிருந்து பண்ணை வீடுகளை வாங்கிப் பிரித்து ஸ்டாக்ஹோமுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். 1891-இல் திறக்கப்பட்ட அந்த இடத்தின் பெயர் ஸ்கான்சென். அதைப் பார்த்துத்தான் ஐரோப்பா முழுக்க இப்படிப்பட்ட பூங்காக்கள் முளைத்தன. நம் நாட்டில் போபாலில் உள்ள இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகம் ஏறக்குறைய 200 ஏக்கரில் இருக்கிறது. பல மாநிலப் பழங்குடி மக்கள் தாங்களே வந்து தங்கள் வீடுகளை அங்கே கட்டிக்கொடுத்தார்கள்.

முட்டுக்காட்டின் பரப்பு அந்த அளவுக்கு இல்லை, 10 ஏக்கர்தான். அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வாழ வந்த டெபோரா தியாகராஜன், 1984-இல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். செட்டிநாட்டிலும் மற்ற இடங்களிலும் பெரிய பெரிய வீடுகள் இடிபட்டு, தூணும் நிலையும் தனித்தனியே விலைபோன காலம் அது. அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலத்தில், கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் திட்டப்படி வேலை தொடங்கி, பென்னி குரியாகோஸ் போன்றவர்களின் உழைப்போடு வளர்ந்து, 1996 டிசம்பர் 14 அன்று மக்களுக்குத் திறக்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா வட்டாரங்களின் வீடுகள் இன்று அங்கே நிற்கின்றன.

ஒரு வீட்டை எப்படிப் பெயர்ப்பார்கள்? முதலில் அளவெடுப்பு. தரைப்படம், குறுக்குவெட்டுப் படம், ஒவ்வொரு மூலைக்கும் புகைப்படம். அடுத்தது எண் போடுவது. ஒவ்வொரு உத்தரத்துக்கும் சட்டத்துக்கும் தூணுக்கும் நிலைக்கும் ஓர் எண் எழுதி, அதே எண்ணைப் படத்திலும் குறிப்பார்கள். அதற்குப் பிறகுதான் கையை வைப்பார்கள். கட்டியதற்கு நேர் தலைகீழான வரிசையில் ஓடு, கைமரம், உத்தரம், தூண் என்று மேலிருந்து கீழே இறக்க வேண்டும். பழைய தச்சர்கள் ஆணியை நம்பாமல் துளையும் நாக்கும் வைத்துப் பொருத்தியிருப்பதால் மரம் உடையாமல் கழன்று வருகிறது. இன்றைய கான்கிரீட் வீட்டை இப்படி ஒருக்காலும் பிரிக்க முடியாது. நூறு வருஷம் கழித்து நம் வீடுகளை யாராவது பாதுகாக்க நினைத்தால் என்ன செய்வார்களோ!

மண் சுவரின் கதை வேறு. அதைப் பெயர்த்தால் கையில் மிஞ்சுவது மண்தான். சுவரைப் புதிதாகத்தான் எழுப்ப வேண்டும். எழுப்புகிறவருக்குப் பழைய முறை தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இந்த மாதிரி இடங்களில் வீட்டோடு சேர்ந்து காப்பாற்றப்படுவது கொத்தனார், தச்சர், கூரை வேய்கிறவர் ஆகியோரின் கைப்பக்குவம். எனக்கு அந்தக் கைப்பக்குவம்தான் முக்கியமாகப் படுகிறது. மரம் வாங்கலாம், ஓடு வாங்கலாம். சுண்ணாம்பை எத்தனை நாள் புளிக்கவைத்து எப்படி அரைக்க வேண்டும் என்று தெரிந்தவர் போய்விட்டால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

உள்ளே போனால் அவசரப்படாமல் சுற்றுங்கள். ஒவ்வொரு வீடும் தன் ஊரின் மழைக்கும் வெயிலுக்கும் தொழிலுக்கும் சொன்ன பதில். கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு ஏறக்குறைய முழுக்க மரம். அடைமழை ஊர் என்பதால் கூரை செங்குத்தாகச் சரிகிறது, நெல் சேமிக்கும் அறைக்கு வீட்டில் தனி மரியாதை. ஆந்திரக் கடலோரத்து ஹரிபுரம் பாணி வீடு வட்டமானது. புயல் காற்று முட்டி நிற்க அதில் தட்டைச் சுவர் கிடையாது. கூரை தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கியிருக்கிறது. கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு கல்லால் ஆனது, ஏனென்றால் அந்த ஊரில் கிடைப்பது கல். காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டுக்குள் போனால் தறிக்குத்தான் முதல் இடம், மனிதர்களுக்கு மிச்ச இடம்! தஞ்சை விவசாயி வீடு, செட்டிநாட்டு வணிகர் வீடு, திருநெல்வேலி ஆம்பூரின் அக்ரஹாரம், குயவர் வீடு, அய்யனார் திடல் என்று தமிழ்நாட்டுப் பகுதி தனியாக இருக்கிறது. பிள்ளைகள் கூட வந்தால் குயவரின் சக்கரத்திலிருந்து அவர்களைக் கிளப்புவது கஷ்டம்.

குறையும் சொல்லியாக வேண்டும். இந்த வீடுகளில் யாரும் சமைப்பதில்லை, சண்டைபோடுவதில்லை, பிள்ளை பெறுவதில்லை. புகையேறிக் கறுத்த சுவரைக் காணோம். சாணி வாடை இல்லை. அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு கிராமத்தின் அமைப்பைப் பத்து ஏக்கர் பூங்காவுக்குள் கொண்டுவர முடியாது. திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும், ஊருக்கும் காலனிக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட்டிருந்தார்கள் என்ற கணக்கெல்லாம் அந்த வீடுகளோடு சேர்ந்தே இருந்தது. இன்று அக்ரஹாரத் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறோம். நல்லதுதான். ஒரு காலத்தில் அந்தத் தெருவுக்குள் நடக்கவே யாருக்கெல்லாம் அனுமதி இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியது கூட்டிக்கொண்டு போகிற பெரியவர்களின் வேலை.

இன்னொரு குறை நம் வட்டாரத்துக்கே உரியது. தஞ்சாவூர், காஞ்சிபுரம், செட்டிநாடு, நெல்லை என்று அங்கே ஒரு வரிசை நிற்கிறது; மதுரைச் சமவெளியின் கரிசல் காட்டுச் சம்சாரி வீடு அதில் இல்லை. திருமங்கலத்திலிருந்து கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் போனால் மண் கறுக்கத் தொடங்கும். மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கிற அந்த மண்ணின் மேல் வீடு கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனத்த சுவர், பனங்கை பரப்பி நாட்டு ஓடு வேய்ந்த கூரை, சுவரில் விளக்கு வைக்க மாடக்குழி, மூலையில் ஆளுயரத்துக்குத் தானியம் கொட்டிவைக்கும் குலுக்கை, வீட்டை ஒட்டி மாட்டுத் தொழுவம், பின்னால் வைக்கோல் படப்பு. பருத்தி வெடிக்கிற மாதங்களில் பட்டாசாலை முழுக்கப் பஞ்சு. ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு இது பிறந்த வீடு. இருபது வயதுக்காரர்களுக்கு இதில் பாதிச் சொற்கள்கூடத் தெரியாது.

சட்டம் காப்பாற்றும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொல்லியல் சட்டமும், 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் கோயில், கோட்டை, அரண்மனை, கல்வெட்டு என்று நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்க வந்தவை. தனியார் குடியிருக்கும் ஓட்டுவீடு அந்தப் பட்டியலுக்குள் வராது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது; நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, ஆனாலும் அங்கே கதவும் தூணும் பழம்பொருள் கடைக்குப் போவது நின்றபாடில்லை. மாளிகைக்கே அந்தக் கதி என்றால் சம்சாரி வீட்டுக்கு யார் வக்காலத்து வாங்குவார்?

சென்னை வரை போக முடியாதவர்களுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகம் 1959 முதல் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இயங்குகிறது. காட்சிப் பொருள்களைப் பார்க்கப் போகிறவர்கள் தலையை நிமிர்த்தி அந்தக் கட்டடத்தின் வளைவுகளையும் கொஞ்சம் பார்க்கலாம். தே.கல்லுப்பட்டியில் 1940-இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. பொருளியல் அறிஞர் ஜே.சி.குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த இடம் அது. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் சாலையில் நேராகப் போனால் வந்துவிடும்.

கீழடிக்குப் போக மதுரை நெரிசலுக்குள் நுழைய வேண்டாம். கப்பலூரில் சுற்றுச்சாலையைப் பிடித்து விரகனூர் வந்து, ராமநாதபுரம் சாலையில் திரும்பிச் சிலைமானைத் தாண்டினால் போதும். 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியிலேயே முற்றமும் தாழ்வாரமுமாகக் கட்டியிருக்கிறார்கள். கீழடியின் வழி முட்டுக்காட்டின் வழிக்கு நேர் எதிர். அகழாய்வுக் குழியில் தெரிகிற செங்கல் சுவரையும் உறைகிணற்றையும் பெயர்க்க முடியாது, பெயர்க்கவும் கூடாது. அவை கிடந்த இடத்திலேயே கூரை போட்டு மக்களுக்குக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகத் திட்டத்தை அரசு கையில் எடுத்திருக்கிறது.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய வீட்டின் அடித்தளத்தை இவ்வளவு அக்கறையோடு காக்கிற ஒரு வட்டாரம், தாத்தா கட்டிய வீட்டை ஒரே நாளில் ஜேசிபி வைத்து வழித்துவிடுகிறது. இடிப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒழுகுகிற ஓட்டுவீட்டில் ஐப்பசி மழையைக் கழித்தவருக்குத்தான் கான்கிரீட்டின் அருமை தெரியும். நாட்டு ஓடு செய்கிறவரையும் மாற்றிப் போடுகிறவரையும் இன்று தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. எல்லா வீட்டையும் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றோ இரண்டோ போதும். ஒரு கரிசல் வீடு, ஒரு கமலைக் கிணறு, ஒரு பருத்திக் கிட்டங்கி என்று திருமங்கலம் வட்டத்துக்குள் ஒரு ஏக்கரில் தொடங்கலாம். நகராட்சியோ, கல்லூரியோ, வெளியூரில் நன்றாக இருக்கும் நம் ஊர்க்காரர்களோ நினைத்தால் முடியாத காரியமில்லை.

முட்டுக்காட்டுக்குக் கிளம்புகிறவர்கள் ரயிலில் தாம்பரத்தில் இறங்கி, கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போனால் நகரத்துக்குள் சிக்க வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலை 10 மணிக்கே போய்விட்டால் வெயில் ஏறுமுன் பாதி வீடுகளைப் பார்த்துவிடலாம். அரை நாளாவது ஒதுக்குங்கள்.

இந்த வருஷம் பழைய வீட்டை இடிக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இடிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுங்கள். டேப் பிடித்து ஒவ்வோர் அறையையும் அளந்து தாளில் வரையுங்கள். நிலை, கதவு, மாடக்குழி, அடுப்படி, கூரையின் உட்பக்கம் எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். வீட்டில் மூத்தவரை நடக்கவிட்டு, எந்த மூலையில் என்ன இருந்தது என்று அவர் சொல்வதைப் பதிவுசெய்யுங்கள். கட்டிய கொத்தனார் குடும்பம் எந்த ஊர் என்று கேட்டு எழுதிவையுங்கள். என்றைக்காவது ஒருவர் அந்த வீட்டைத் திரும்பக் கட்ட நினைத்தால், அவருக்கு முதலில் வேண்டியது அந்தத் தாள்தான்.