தம்பானூரிலிருந்து, திட்டம் ஏதுமின்றி

ரயில் பயணம் என்றதும் நம்மில் பெரும்பாலோர் முதலில் தேடுவது நாள்காட்டியைத்தான். முன்பதிவு 60 நாள்களுக்கு முன் தொடங்குகிறது. அது தவறினால் முந்தைய நாள் தட்கல். அதுவும் கிடைக்காவிட்டால் பயணமே இல்லையென முடிவுசெய்துவிடுகிறோம். விடுமுறையை முன்கூட்டி உறுதிசெய்ய இயலாதவர்களுக்கும், வீட்டில் முதியவரைப் பராமரிப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு ஒருபோதும் ஒத்துவருவதில்லை. எதிர்பாராமல் ஒரு முழுநாள் ஓய்வு கிடைத்தாலும் அது வீட்டிலேயே கழிந்துவிடுகிறது. அவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. காலையில் தம்பானூரிலுள்ள திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையத்துக்குத் தனியே சென்று, அறிவிப்புப் பலகையைப் பார்த்த பிறகு ஊரைத் தேர்ந்தெடுப்பதே அது.

இத்தகைய பயணத்துக்கு இந்நகரம் எப்போதும் வாய்ப்பாக இருந்ததில்லை. கொல்லத்திலிருந்து வந்த இருப்புப்பாதை 1918இல் சாக்கையையும் 1931இல் தம்பானூரையும் அடைந்தது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இதுவே பாதையின் முடிவிடம். ஏறியவர் வடக்கே மட்டுமே செல்ல முடியும். 1979இல் நாகர்கோவில், கன்னியாகுமரிப் பாதை தொடங்கிய பிறகே தெற்குத் திசை திறந்தது.

அந்தத் தெற்குப் பாதையே நமக்கு மிகவும் விருப்பமானது. பாறசாலையைக் கடந்ததும் மாநில எல்லை. குழித்துறையில் தமிழ்ப் பெயர்ப்பலகை வரவேற்கிறது; பெட்டிக்குள் பேச்சு மட்டும் இரு மொழிகளுக்கும் நடுவே இயல்பாகச் சென்றுவருகிறது. இரணியலில் இறங்கி, தக்கலை வழியாகப் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லலாம். திருவிதாங்கூரின் பழைய தலைநகரான அவ்வூர் தமிழ்நாட்டில் உள்ளது. அரண்மனையைப் பராமரிப்பதோ கேரள அரசு. அங்குள்ள மரவேலைப்பாடுகளை ஒரே தூணருகே அரைமணி நேரம் நின்று பார்த்தாலும், 'போகலாமா?' என்று கேட்க எவரும் இல்லை. தனியே செல்வதன் சுகம் பெரும்பாலும் இவ்வளவே. ஆனால் குடும்பத்தோடு சென்றுவந்தவர்கள் இதன் மதிப்பை அறிவார்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதை மட்டும் நினைவில் கொள்க.

வடக்கே செல்வோருக்கு வர்க்கலை சிவகிரி ஒரு மணி நேரத் தொலைவிலேயே உள்ளது. நாராயண குருவின் சமாதி ஒருபுறம், செம்பாறைக் குன்றின் அடிவாரத்தில் பாபநாசம் கடற்கரை மறுபுறம். கொல்லத்துக்கு அப்பால், கல்லடையாறும் அஷ்டமுடிக் காயலும் கூடுமிடத்தில் மன்றோ துருத்து இருக்கிறது. அங்கே சில ரயில்களே நிற்கும்.

கொல்லத்திலிருந்து மூன்றாவது திசையும் பிரிகிறது. புனலூர், தென்மலை, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்குச் செல்லும் மலைப்பாதை 1904இல் திறக்கப்பட்டது. அகலப் பாதையாக்கும் பணிக்காக 2010இல் மூடப்பட்ட மலைப்பகுதியில் 2018இல் மீண்டும் ரயில் ஓடியது. கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தைக் காணச் சன்னலோர இருக்கை கிடைத்தால் அது பேறுதான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் செங்கோட்டையிலிருந்து குற்றாலமும் அருகிலேயே உள்ளது.

இவ்வளவுக்கும் தேவைப்படுவது முன்பதிவற்ற சாதாரணப் பயணச்சீட்டு. அதன் விதிகளை அறிந்திருப்பது அவசியம். 199 கி.மீ. வரையிலான சீட்டுக்கு, வாங்கிய 3 மணி நேரத்துக்குள், அல்லது அவ்வூருக்கான முதல் ரயில் புறப்படுவதற்குள், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். இடையில் இறங்கினால் அச்சீட்டின் கதை முடிந்தது. ஆகவே மனம் மாறக்கூடும் என்று தோன்றினால், முதலில் இறங்க எண்ணும் ஊர் வரைக்கும் மட்டும் வாங்குவதே சிக்கனம். சாதாரண ரயிலுக்கு வாங்கிய சீட்டுடன் அதிவிரைவு ரயிலில் ஏறினால் கூடுதல் தொகை செலுத்த நேரிடும்.

பொதுப்பெட்டியின் நெரிசலை மறைப்பதற்கில்லை. எனினும், காலையில் அலுவலகம் செல்வோர் திருவனந்தபுரத்தை நோக்கி வருகிறார்கள். நாம் எதிர்த்திசையில் செல்கிறோம். மாலையிலும் அவ்வாறே. ஞாயிறு மாலையும் சபரிமலைக் காலமும் இதற்கு விலக்கு. தனியே செல்லும் பெண்கள் பகல்நேர ரயில்களையும், மகளிர் பகுதி உள்ள ரயில்களையும் தேர்வது நலம்; 139 என்ற உதவி எண் அனைவருக்கும் பொது. பயணச்சீட்டுக்கு கைப்பேசி வழியாகவே பணம் செலுத்தலாம். ஆயினும் மலைப்பகுதியில் அலைவரிசை கிடைக்காத இடங்களில் தேநீருக்கும் ஆட்டோவுக்கும் பத்து, ஐம்பது ரூபாய்த் தாள்கள் கையிருப்பில் இருக்கட்டும்.

கிழக்கே செல்வோர் ஒன்றை மட்டும் முன்னதாகவே கேட்டறிய வேண்டும்: திரும்பும் ரயிலின் நேரம். மலைப்பாதையில் ரயில்கள் குறைவு. கடைசி ரயில் போய்விட்டாலும், தென்காசி, செங்கோட்டைப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்குப் பேருந்து உண்டு.