ஐபை மறைப்பதும் நோயை மறைப்பதும்

ஹெரோயினும் ஐஸும் நம் ஊர்களுக்குள் வந்து நாளாகிவிட்டது. ஜும்ஆ குத்பாக்களில் பேசுகிறோம், ஊர்வலம் போகிறோம். அந்தப் பேச்சில் வருபவன் எப்போதும் ஒரு வாலிபன்தான். பாவிக்கும் பெண்ணைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை.

போதைப்பொருள் பற்றி ஐ.நா. 2022இல் வெளியிட்ட உலக அறிக்கையின்படி, ஐஸ் போன்ற அம்பெட்டமின் வகைகளைப் பாவிப்போரில் ஏறத்தாழ இருவரில் ஒருவர் பெண். அதற்காகச் சிகிச்சை பெறுவோரிலோ ஐவரில் ஒருவரே பெண். மற்றப் பெண்கள் எங்கே?

வீட்டுக்குள் இருக்கிறார்கள். மகன் என்றால் "அல்லாஹ் ஹிதாயத்தக் குடுப்பான்" என்று நாலு பேரிடம் விசாரித்து எங்காவது சேர்க்கிறோம். மகள் என்றால் "வெளிய தெரிஞ்சா தங்கச்சிக்குச் சம்பந்தம் வராது" என்று அறைக்குள் வைத்துப் பூட்டுகிறோம். அவள் மணமானவளாக இருந்தால் தலாக் பயம். பழக்கியவனே கணவன் என்றால், அவள் மட்டும் விடுவதை அவன் விரும்பமாட்டான். பிள்ளைகள் இருந்தால், நன்னடத்தைத் திணைக்களம் அவர்களைக் கொண்டுபோய்விடும் என்ற பயம் வேறு. தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களோ பெரும்பாலும் ஆண்களுக்கென அமைந்தவை. பிள்ளைகளை விட்டுவிட்டு மாதக்கணக்கில் எந்த உம்மா போவாள்?

பாடசாலையில் பெற்றோர் கூட்டத்துக்கு மூத்தும்மா மட்டும் வரும் பிள்ளைகளை நான் காண்கிறேன். கேட்டால் "உம்மாக்குச் சொகமில்ல" என்பார்கள். சிலவேளை அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது இதுதான். சொல் பொய்யல்ல. சொகமில்லாதவருக்கு மருந்து வேண்டும் என்பதைத்தான் நாம் மறந்துபோகிறோம்.

பூட்டிவைப்பது மருந்தல்ல. ஹெரோயினைத் திடீரென நிறுத்தினால் உடல் வலி, வயிற்றோட்டம், தூக்கமின்மை என்று உடம்பு துடிக்கும். சில வாரங்களுக்குப் பின் பழைய அளவையே மீண்டும் எடுத்தால், பழக்கம் விட்ட உடம்பு தாங்காது, உயிரே போகலாம். கர்ப்பிணி என்றால் திடீர் நிறுத்தம் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. அத்தகையவருக்கு வைத்தியர் கண்காணிப்பில் மெதடோன் அல்லது புப்ரெனோர்பின் கொடுப்பதையே உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது.

பிறர் ஐபை மறைப்பது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த பண்பு. அது ஒருவரின் மானத்தைக் காப்பதற்கு. நோயை மறைத்து நோயாளியைச் சாகவிடுவதற்கல்ல. இரண்டையும் நாம் ஒன்றாக்கிவிட்டோம்.

மானமும் காத்து மருந்தும் கொடுக்க வழியுண்டு. அரச ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில், தங்காமல், கிளினிக்குக்கு வந்துபோய் இலவசமாகச் சிகிச்சை பெறலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒரு பெண் தனியாகப் பேசலாம். அதில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் செய்யக்கூடியதும் உண்டு. குத்பாவில் 'மகன்' என்று சொல்லும் இடத்தில் 'மகள்' என்றும் ஒரு தடவை சொல்லட்டும். கிளினிக்குக்குக் கூடப்போகவும், அந்த நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும், வாயைக் காக்கத் தெரிந்த இரண்டு பெண்களை ஊருக்கு ஊர் தேடிவைக்கட்டும். இதற்குப் பெரிய செலவில்லை.