“உங்களுக்குப் புரியாது” என்று சொல்லாதீர்கள்



வாப்பாவோ உம்மாவோ செல்போனை நீட்டி ஏதாவது கேட்டால், “உங்களுக்குப் புரியாது, கொடுங்கள்” என்று வாங்கி நாமே செய்து முடித்துவிடுகிறோம். அந்தச் சொல் சரிதானா? முதுமையையும் தொழில்நுட்பத்தையும் பல்லாண்டுகள் ஆய்வு செய்தவர் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராகப் பணியாற்றிய நீல் சார்னஸ். அவருடைய ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன.

அவர் முதலில் ஆராய்ந்தது சதுரங்க ஆட்டக்காரர்களை. சம திறமையுள்ள இளையவர்களையும் மூத்தவர்களையும் ஒப்பிட்டு 1981இல் முடிவை வெளியிட்டார். காய்கள் நின்ற இடங்களை நினைவுகூர்வதில் மூத்தவர்கள் பின்தங்கினார்கள். ஆனால் சரியான காய் நகர்த்தலைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் சளைக்கவில்லை. நினைவின் குறையை அனுபவம் ஈடுகட்டியது.

பிறகு கணினிப் பக்கம் திரும்பினார். 2001இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், கணினியே பழகாத முதியோர் புதிய மென்பொருளைக் கற்க இளையவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். முன்பே கணினி பழகியவர்களிடையே இந்த வயது வித்தியாசம் குறைவாகவே இருந்தது. விசைகளை மனப்பாடம் செய்து அழுத்துவதைவிட, திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறையே எளிதாக அமைந்தது. ஆகவே கருவியின் அமைப்பிலும் குறை இருக்கலாம். எல்லாம் முதியவரின் குறையல்ல.

பின்னர் மூன்று பல்கலைக்கழகங்கள் இணைந்து, தனியே வாழும் 65 வயதைக் கடந்த 300 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தின. அதிலும் சார்னஸ் பங்கேற்றார். ஒரு பிரிவினருக்கு முதியோருக்கென எளிமையாக அமைத்த கணினியும் பயிற்சியும் தரப்பட்டன. மற்றவர்களுக்கு அதே போன்ற தகவல்கள் அச்சிட்ட கோப்பாகக் கிடைத்தன. ஆறு மாதத்தில் கணினி பெற்றவர்களின் தனிமை உணர்வு கூடுதலாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவினருக்கும் இடையே அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. கருவி உதவும், மனிதத் துணைக்கு அது ஈடாகாது.

எனவே பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் காட்டி, அவர்கள் விரலாலேயே அழுத்தச் செய்யுங்கள். படிகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். மறந்துவிட்டதாகச் சொன்னால் முகம் சுளிக்காமல் மீண்டும் காட்டுங்கள். நமக்கு நடக்கக் கற்றுத்தந்தபோது அவர்கள் நேரம் பார்க்கவில்லை.

வஸ்ஸலாம்.
செயலாளர்