'ஃபோமட்' அடிக்க முன் அந்த ஒரு வரியை வாசியுங்கள்

"சேர், வாப்பாட கம்பியூட்டர்ல ஒண்ணுமே இல்ல. கடையில காட்டினேன். ஃபோமட் அடிச்சாத்தான் சரிவருமெண்டு சொல்றாங்க."

என்னிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தார். அவரது தந்தை எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் மௌத்தாகி நாற்பது நாள் கூட ஆகியிருக்கவில்லை. பல வருடங்களாக கிண்ணியா, மூதூர், திருகோணமலை நகரம் என்று திரிந்து, வயதான உம்மாமாரின் கவிகளையும் தாலாட்டுகளையும் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தவர். பாடியவர்களில் அநேகர் இன்று இல்லை. அந்தக் குரல்கள் இருந்த ஒரே இடம் அந்தக் கணினியின் வன்தட்டுதான்.

அதில் இருந்தது லினக்ஸ் பணிசெயல் முறைமை. மகன் புதிய தட்டு ஒன்றை வாங்கி அதில் உபுண்டுவை நிறுவி, பழைய தட்டை இரண்டாவதாகப் பொருத்தியிருந்தார். அதன் பின்னர்தான் "ஒன்றுமே இல்லை".

எங்கள் ஊர்களில் கணினி மக்கர் பண்ணினால் முதலில் சொல்லப்படும் வைத்தியம் ஃபோமட். திரையில் வந்த செய்தியை யாரும் வாசிப்பதில்லை. க.பொ.த. வகுப்புகளில் இந்தப் பாடத்தைக் கற்பிக்கும் நாங்களும் அதை வாசிக்கப் பழக்குவதில்லை. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில், பிள்ளையின் பிழையான விடையைச் சிவப்புக் கோடு போட்டு வெட்டாதே, ஏன் அப்படி எழுதினான் என்று பார் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். கணினிக்கும் அது பொருந்தும் என்பதை அன்று அந்தப் பிள்ளையின் வீட்டில் விளங்கிக்கொண்டேன்.

லினக்ஸில் ஒரு கோப்புறைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் கட்டளை இரண்டே எழுத்து: எல், எஸ். 'பட்டியலிடு' என்பதன் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி வைத்த பெயர். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸின் ஆரம்ப காலத்திலிருந்தே இந்தக் கட்டளை இருக்கிறது. இரண்டும் சின்ன எழுத்துகள். பிள்ளைகள் எல்லுக்குப் பதிலாக ஒன்று என்ற இலக்கத்தையோ பெரிய ஐ எழுத்தையோ அடித்துவிட்டு, 'கொமாண்ட் நொட் ஃபவுண்ட்' என்று வந்ததும் கணினி பழுது என்பார்கள். அப்படியொரு கட்டளையே இல்லை என்று மட்டும்தான் கணினி சொல்கிறது. கோப்புகளுக்கு எதுவும் நடக்கவில்லை.

எல்எஸ் தோற்றுப்போனால் வரும் வரியில் மூன்று பகுதிகள் உண்டு. முதலில் நிரலின் பெயர், அடுத்து எந்தக் கோப்புறையில் முடியவில்லை என்பது, கடைசியில் காரணம். காரணத்தைத் தருவது முறைமையின் கருவான கேர்னல். ஒவ்வொரு காரணத்துக்கும் நிரந்தர இலக்கமும் உண்டு. 'அப்படி ஒன்று இல்லை' என்பது 2, வாசிப்பு எழுத்துக் கோளாறு 5, அனுமதி மறுப்பு 13. ஆகவே கடைசிப் பகுதியைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

பிழைச் செய்தியே வராத வெறுமை

மகன் பார்த்த இடத்தில் பட்டியல் வெறுமையாக இருந்தது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. வெறும் பட்டியல் வந்தால், அந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம். தட்டில் இல்லை என்று அர்த்தமில்லை. லினக்ஸில் ஒரு தட்டைப் பொருத்தினால் மட்டும் போதாது, அதை ஒரு கோப்புறையோடு இணைக்கவும் வேண்டும். மௌண்ட் செய்தல் என்பார்கள். 'எல்எஸ்பிஎல்கே' என்ற கட்டளையை அடித்தோம். பழைய தட்டு பட்டியலில் இருந்தது, எங்கும் இணைக்கப்படாமல். இணைத்தவுடன் கோப்புறைகள் தெரிந்தன. கடைக்காரர் சொன்னதைக் கேட்டிருந்தால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்திருக்கும்.

(புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகளையும் எல்எஸ் சாதாரணமாகக் காட்டாது. கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு, சிறு கோடும் ஏ எழுத்தும் சேர்த்தால் காட்டும்.)

பெர்மிஷன் டினைட்

அடுத்து, தந்தையின் கோப்புறையைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று வந்தது. லினக்ஸ் உரிமையாளரைப் பெயரால் அல்ல, இலக்கத்தால் நினைவில் வைக்கிறது. உபுண்டுவில் முதலில் உருவாக்கும் கணக்குக்கு 1000, அடுத்ததற்கு 1001. பழைய கணினியில் மகனின் கணக்கு முதலாவது, வாப்பாவுடையது இரண்டாவது. புதிய கணினியில் மகன் மட்டுமே. 1001க்குச் சொந்தமான, உரிமையாளருக்கு மட்டும் திறக்கும் கோப்புறையை 1000 கேட்டால் முறைமை மறுக்கத்தான் வேண்டும். கட்டளையோடு கோடு, எல், டி, என் என்ற எழுத்துகளைச் சேர்த்து அடித்தபோது அந்த இலக்கம் தெளிவாகத் தெரிந்தது.

இங்கே மாணவர்கள் குழம்பும் ஒரு விடயம் உண்டு. கோப்புறைக்கான ஆர் அனுமதியும் எக்ஸ் அனுமதியும் வேறு வேறு. ஆர் என்பது வகுப்பறைக் கதவில் ஒட்டியிருக்கும் பெயர்ப் பட்டியலை வாசிப்பது போல. எக்ஸ் என்பது வகுப்புக்குள் நுழைவது. ஆர் மட்டும் இருந்தால் பெயர்கள் வரும், அளவு, திகதி இருக்க வேண்டிய இடங்களில் கேள்விக்குறிகள் வரும். பார்ப்பவர்கள் கோப்புகள் சிதைந்துவிட்டன என்று பயப்படுவார்கள். சிதையவில்லை, நுழைய அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு '777 குடுங்க' என்று சொல்லும் ஆட்கள் உண்டு. அது வீட்டுக் கதவைக் கழற்றி வைப்பது மாதிரி, யாரும் எதையும் மாற்றலாம். உரிமையாளரின் இலக்கத்தை மாற்றுவதே முறை. 'சௌன்' என்ற கட்டளை அதற்குத்தான்.

கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் இல்லையாம்

பட்டியலில் 'திருகோணமலை' என்ற கோப்புறை தெரிந்தது. அதே பெயரை மகன் தட்டெழுதினால் 'நோ சச் ஃபைல் ஓர் டிரெக்டரி' என்று வந்தது. மூன்று தரம் அடித்தார், மூன்று தரமும் அதே பதில். தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் எல்லோரும் அறிய வேண்டிய சங்கதி இதுதான்.

யுனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. இரட்டைக் கொம்பையும் அரவையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். லினக்ஸ் பெயர்களை ஒப்பிடுவதோ பைட்டுகளை வைத்து. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். முதல் விதத்தில் 'திருகோணமலை' 10 குறியீடு, 30 பைட். இரண்டாம் விதத்தில் 11 குறியீடு, 33 பைட். கணினிக்கு இவை இரண்டு வேறு ஊர்கள். கொ, கோ, கௌ என்ற வரிசைகள் எல்லாவற்றிலும் இது நடக்கலாம். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக அடிப்பவர்களுக்கும் இதே கதிதான்.

தீர்வு எளிது, பெயரை முழுதாகத் தட்டெழுதாதீர்கள். 'திரு' என்று அடித்து டப் சாவியை அழுத்தினால் கணினி தன்னிடம் உள்ள பெயரையே எடுத்து நிரப்பும். அல்லது 'திரு' என்பதன் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி இடுங்கள். முனையத்தில் தமிழ் எழுத்துகள் கொம்பு வேறு கால் வேறாகப் பிரிந்து தெரிந்தால் அதற்கும் பயப்பட வேண்டாம். அது காட்சியில் உள்ள குறை, கோப்பில் அல்ல.

நீண்ட பெயர் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்ட முடியாது. தமிழில் அது 85 குறியீடுதான். பாடியவர் பெயர், ஊர், திகதி, பாட்டின் முதலடி எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடுக்க இடம் போதாது.

இன்புட் அவுட்புட் எரர்

கடைசியாக 'மூதூர்' கோப்புறை. அங்கே வந்தது வேறு செய்தி. இந்த ஒன்றுக்குத்தான் உண்மையில் பயப்பட வேண்டும். அனுமதியோ பெயரோ பிரச்சினை இல்லை, தட்டையே வாசிக்க முடியவில்லை என்று கேர்னல் சொல்கிறது. சில வேளை கேபிள் தளர்ந்திருக்கலாம். கேபிள் சரியாக இருந்தால் தட்டு சாகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் திரும்பத் திரும்பப் பட்டியலிடக் கூடாது, பழுதுபார்க்கும் கட்டளைகளையும் ஓட விடக் கூடாது. 'டிடிரெஸ்கியூ' போன்ற நிரலால் முழுத் தட்டையும் இன்னொரு தட்டுக்குப் பிரதி எடுத்துவிட்டு, அந்தப் பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும்.

இதை நான் அன்று முதலில் செய்யவில்லை. இரண்டு மூன்று முறை எல்எஸ் அடித்துப் பார்த்த பிறகே பிரதி எடுத்தேன். கிண்ணியாவும் திருகோணமலையும் முழுதாகக் கிடைத்தன. மூதூரில் 4 ஒலிப்பதிவுகள் கிடைக்கவில்லை. பெயர்கள் மட்டும் பட்டியலில் இருக்கின்றன. நான் அவசரப்பட்டதால் போனதா, முன்பே போய்விட்டதா என்று என்னால் சொல்ல முடியாது. "வாப்பா இந்தச் செய்தி வருது வருதெண்டு போன வருஷமே சொன்னவர் சேர், நாங்கதான் கணக்கெடுக்கல்ல" என்றார் மகன். அன்றைக்கே யாராவது அந்த வரியை வாசித்திருந்தால் நான்கும் இருந்திருக்கும்.

எங்கள் பள்ளிவாசல் நிர்வாகங்களின் பதிவேடுகள், பாடசாலைப் பதிவுகள், 2004 சுனாமிக்கு முந்திய குடும்பப் படங்கள் எல்லாம் இப்படித்தான் ஒற்றைக் கணினியில் இருக்கின்றன. இளைஞர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. இந்த மாதம் ஒரு நாள் ஒதுக்கி, உங்கள் வீட்டிலும் மஹல்லாவிலும் உள்ள இத்தகைய கோப்புகளுக்கு வேறொரு தட்டில் இரண்டாவது பிரதி எடுங்கள். பிரதியைத் திறந்து, பட்டியல் சரியாக வருகிறதா என்றும் பாருங்கள். ஆசிரியத் தோழர்களிடம் கேட்பது, செய்முறைப் பாடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழையை வரவைத்து, அதன் கடைசிப் பகுதியைப் பிள்ளைகளைக் கொண்டு தமிழில் விளக்கச் சொல்லுங்கள் என்பதே. எனது வகுப்பில் இப்போது அப்படித்தான் தொடங்குகிறேன்.