புகையிற் போகும் பொருள்

மலையிலே புகையைக் கண்டு ஆங்குத் தீயுண்டென அனுமானிப்பது தருக்க நூலார் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. இரசாயனம் கற்றவர் ஒரு தொழிற்சாலையின் புகைபோக்கியை நோக்கும்போது மற்றோர் அனுமானமும் செய்தல் கூடும். உலையிலிட்ட பொருளில் ஒரு பகுதி பயன்படாது வெளியேறுகின்றது என்பதே அது. வெளியேறும் பொருள் அழிந்தொழிவதில்லை, இடம் மாறுகின்றது. அதனைப் பிடித்து மீட்கும் முயற்சி எங்ஙனம் தொடங்கிற்று, எதனால் வெற்றி பெற்றது என்பவற்றை இங்கிலாந்தின் சோடாத் தொழில் வரலாறு மிகத் தெளிவாகக் காட்டுகின்றது. ஆகலின் அதனையே இங்கு முதலில் விரித்துரைப்பாம்.

சவர்க்காரம், கண்ணாடி, துணி என்பவற்றைச் செய்வோர்க்குச் சோடா இன்றியமையாதது. முற்காலத்தில் கடற்பூண்டு முதலியவற்றை எரித்த சாம்பலிலிருந்து அதனைப் பெற்றனர். கறியுப்பிலிருந்து அதனை ஆக்கும் முறைக்கு நிக்கலஸ் லெபிளாங் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1791ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். உப்பைச் சல்பூரிக்கமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் சோடியஞ் சல்பேற்று உண்டாகும். அதனைச் சுண்ணாம்புக்கல்லோடும் நிலக்கரியோடும் உலையிலிட்டுப் பின் நீரிற் கரைத்துச் சோடாவைப் பிரித்தெடுப்பர். முறை எளிது, ஆயின் கழிவு பெரிது. முதற்படியில் 100 தொன் உப்புக்கு ஏறக்குறைய 62 தொன் ஐதரசன் குளோரைட்டு வாயு எழும். இறுதிப் படியிலோ கல்சியஞ் சல்பைட்டு மிகுந்த சக்கை குவியலாக எஞ்சும். வாயு புகைபோக்கி வழியே வானிற் சென்றது. சக்கை ஆலைப்புறத்திலே மலையாய்க் குவிந்தது.

ஜேம்ஸ் மஸ்பிராட் என்பார் 1823இல் லிவர்பூல் நகரில் இம்முறையைத் தொடங்கினார். சுற்றுப்புறத்து மரங்கள் கருகின. உலோகப் பொருள்கள் அரிப்புண்டன. 1838இல் நகரசபை அவர்மீது வழக்குத் தொடுத்து வென்றது. இதற்குத் தொழிலதிபர்கள் கண்ட பரிகாரம் புகைபோக்கியை உயர்த்துவதாகும். கிளாஸ்கோ நகரில் 1842இல் எழுப்பப்பட்ட ஒன்று ஏறக்குறைய 435 அடி உயரமானது. உயர்ந்த புகைபோக்கி வாயுவின் அளவை ஓர் இறாத்தல்தானும் குறைப்பதில்லை. அதனைச் சுவாசிக்கும் அயலாரின் தொகையையே கூட்டுகின்றது. எனினும் உயரமே மருந்தென நம்புவோர் இன்றும் உளர்.

உண்மையான பரிகாரம் அதற்கு முன்னரே கைவசம் இருந்தது. வில்லியம் கொசேஜ் என்பவர் 1836இல் உவூஸ்ரர் மாவட்டத்திலே பயனற்றுக் கிடந்த காற்றாலைக் கோபுரமொன்றை முட்செடிகளாலும் சுள்ளிகளாலும் நிரப்பி, மேலிருந்து நீரை ஒழுகவிட்டு, கீழிருந்து வாயுவைச் செலுத்தினார். ஒரு கனவளவு நீர் தன்னைப்போல் நானூறு மடங்குக்கு மேற்பட்ட ஐதரசன் குளோரைட்டைக் கரைக்கவல்லது. சுள்ளிகள் செய்தது யாது? நீரை மெல்லிய படலமாகப் பரப்பி, வாயு அதனைத் தொடும் பரப்பைப் பன்மடங்கு பெருக்கியதே. பின்னர்ச் சுள்ளிக்குப் பதிலாகக் கற்கரி இடப்பட்டது. இன்று உலகெங்குமுள்ள வாயு கழுவும் கோபுரங்கள் யாவும் இத்தத்துவத்தையே தழுவியவை.

ஆயினும் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஆலையுடையார் பலர் இதனை முறையாகக் கைக்கொண்டிலர். கோபுரத்தின் அடியிற் சேர்ந்த ஐதரோகுளோரிக்கமிலத்தை வாங்குவார் மிகச் சிலரே. விற்பனையாகாத ஒன்றைப் பிடிப்பதற்குப் பணஞ் செலவிட யார்தாம் முன்வருவர்? பாராளுமன்றம் 1863இல் காரத்தொழிற் சட்டத்தை இயற்றி, எழும் வாயுவில் நூற்றுக்கு 95 பங்கைக் கட்டாயம் ஒடுக்கவேண்டுமென விதித்த பின்னரே நிலைமை மாறிற்று. முதற் பரிசோதகராக நியமிக்கப்பட்ட இரொபேட் அங்கஸ் சிமித் சிறந்த இரசாயன அறிஞர். அமில மழை என்னும் தொடரை வழங்கியவரும் அவரே. ஆலைகள் சட்டம் விதித்த அளவையும் விஞ்சின. எனவே, இலாப ஆசையே புகையைத் தூய்மையாக்கிற்று என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. சட்டம் முந்திற்று, இலாபம் பின்னர் வந்தது.

இடையிலே மற்றொரு கேடும் நிகழ்ந்தது. சட்டம் காற்றைப் பற்றியே பேசிற்று. நீரைப் பற்றிப் பேசவில்லை. ஆதலாற் பிடித்த அமிலம் ஓடைகளிற் கொட்டப்பட்டது. அது சக்கைக் குவியலின் வடிநீரோடு கலந்தவிடத்து, அழுகிய முட்டையின் நாற்றமுடைய நச்சு வாயுவாகிய ஐதரசன் சல்பைட்டு எழுந்தது. வானத்தினின்று இறக்கிய பொருள் ஆற்றிற் புகுந்து மீண்டும் வானத்திற்கே ஏறிற்று.

இந்நிலையில் வோல்ற்றர் வெல்டன் 1866இலும் ஹென்றி டீக்கன் 1868இலும் அமிலத்தைக் குளோரீனாக்கும் சிக்கனமான முறைகளைக் கண்டனர். மங்கனீசீரொட்சைட்டைக் கொண்டு குளோரீன் பெறுவது முன்னரே தெரிந்ததாயினும், அதிலே மங்கனீசு வீணாயிற்று. வெல்டன் அவ்வீணாகும் மங்கனீசைச் சுண்ணாம்பாலும் காற்றாலும் மீட்டு மீண்டும் பயன்படுத்தினார். டீக்கனோ அமில வாயுவைக் காற்றோடு கலந்து, சூடான செப்புக்குளோரைட்டு ஊக்கியின்மீது செலுத்தினார். குளோரீனைச் சுண்ணாம்பு ஏற்க வெளிற்றுந்தூள் கிடைத்தது. துணி ஆலைகளும் கடதாசி ஆலைகளும் அதனை விரும்பி வாங்கின. இதற்குள் பெல்ஜிய நாட்டு ஏர்ணெஸ்ற் சொல்வேயின் மலிவான சோடா சந்தைக்கு வந்துவிட்டது. சோடாவில் அதனோடு போட்டியிட மாட்டாத லெபிளாங் ஆலைகளைப் பல்லாண்டு தாங்கி நின்றது, முன்பு வானத்தில் வீசியெறிந்த வாயுவினின்று பெற்ற வெளிற்றுந்தூளே! 1888ஐ அடுத்து அலெக்சாந்தர் சான்ஸ் என்பார் சக்கையிலிருந்து கந்தகத்தை மீட்கவும் வழி வகுத்தார். பின்னர் மின்பகுப்பாலே குளோரீன் மலிவாகக் கிடைக்கவே அம்முறை முற்றாக மறைந்தது.

கந்தகவீரொட்சைட்டின் கதை இவ்வளவு இனிதாக முடியவில்லை. ஒரு கனவளவு நீர் அதில் ஏறக்குறைய நாற்பது கனவளவையே கரைக்கும். செம்பு, ஈயம், நாகம் ஆகியவற்றின் உலைகளிலிருந்து அது செறிவாக வெளிவருமாயின் நேரே சல்பூரிக்கமிலமாக்கலாம். கனடாவிலுள்ள திரெயில் உலை, எல்லைக்கு அப்பாலுள்ள அமெரிக்க உழவரின் முறைப்பாட்டினால் நெருக்குண்டு, தன் புகையிலுள்ள கந்தகத்தை உரமாக்கியது இவ்வகையினதே. நிலக்கரி மின்னிலையத்திலோ அது புகையில் ஆயிரத்தில் ஒரு பங்களவே. இலண்டனின் பற்றர்சீ மின்னிலையம் 1930களில் தேம்சு நீராற் புகையைக் கழுவிற்று. கழுவிய நீர் தேம்சையே மீண்டும் அடைந்தது.

நமது நாட்டில் 2011 முதல் இயங்கிவரும் நுரைச்சோலை மின்னிலையத்திலும் இவ்வினாவே எழுகின்றது. அங்குச் சாம்பலைப் பிடிப்பது, கலிபோர்னியாவிலே பிரெடறிக் கொற்றெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த நிலைமின் முறை. துணிக்கைகள் மின்னேற்றம் பெற்று எதிர்த்தகடுகளிற் படியும். அச்சாம்பல் சீமெந்தோடு கலக்கப் பயன்படுகின்றது. கந்தகவீரொட்சைட்டையோ இயல்பிலேயே சிறிது காரத்தன்மையுடைய கடல்நீர் கழுவுகின்றது. அது சல்பேற்றாகிக் கடலிற் சேர்கின்றது. கடல்நீரில் ஓர் இலீற்றருக்கு 2.7 கிராம் அளவிற் சல்பேற்று ஏலவே உண்டு. ஆகலின் அச்சேர்க்கை சிறிதென்பது நியாயமே. ஆயின் கழுவிய நீரின் அமிலத்தன்மையையும், உடன் செல்லக்கூடிய உலோகங்களையும் இடையறாது அளந்து, அளவுகளை மீனவரும் அறிய வெளியிடுதல் வேண்டும் என்பது எமது கருத்து.

கடல்நீருக்குப் பதிலாகச் சுண்ணாம்புக்கற் குழம்பாற் கழுவினால், ஒரு தொன் கந்தகவீரொட்சைட்டுக்கு ஏறக்குறைய 2.7 தொன் ஜிப்சம் கிடைக்கும். சீமெந்து இறுகும் வேகத்தை அடக்கவும் சுவர்ப்பலகை செய்யவும் அது உதவும். கண்டவுடன் இதுவே சிறந்ததெனத் தோன்றும். ஆயின் சமன்பாட்டின் மறுபக்கத்தை மாணவர் நோக்குவாராக: அந்த ஒரு தொன்னைப் பிடிக்கும்போது சுண்ணாம்புக்கல்லிலிருந்து 0.7 தொன்னளவு காபனீரொட்சைட்டு விடுபட்டு, அதே புகைபோக்கியின் வழியே வெளியேறும்.