கம்ப்யூட்டருக்குள் ஒரு ஊர்! வாசலில் காவல் யார்?

நாலு பிள்ளைகள், நாலு ஊரில் இருக்கிறார்கள். ஒருவன் சுவர் எழுப்புகிறான். ஒருத்தி அதற்குக் கூரை போடுகிறாள். மூன்றாமவன் சுரங்கம் தோண்டுகிறான். கடைக்குட்டி ஆடு வளர்க்கிறது! எல்லாம் ஒரே இடத்தில் நடக்கிறது. அந்த இடம் எங்கே? யாரோ ஒருவர் வீட்டு மூலையில், ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள்!

"மைன்கிராப்ட்" என்ற விளையாட்டு இது. ஸ்வீடன் நாட்டுக்காரரான மார்க்கஸ் பெர்சன் 2009-ம் ஆண்டு இதை வெளியிட்டார். அவர் தொடங்கிய கம்பெனியை மைக்ரோசாப்ட் 2014-ம் ஆண்டு 250 கோடி டாலருக்கு வாங்கியது.

பலர் சேர்ந்து ஆட வேண்டுமானால், யார் எந்தக் கல்லை எடுத்தார், எங்கே வைத்தார் என்று ஒரு கம்ப்யூட்டர் கணக்கு வைக்க வேண்டும். வினாடிக்கு 20 தடவை கணக்கு! அதற்குப் பெயர்தான் "சர்வர்". விளையாட்டுக்கு விலை உண்டு. சர்வர் புரோகிராம் இலவசம். அதை ஓட்டும் "லினக்ஸ்" என்பதும் இலவசம். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ம் ஆண்டு தொடங்கியது அது.

முதல் தடவை ஓடாது!

லினக்ஸ் கம்ப்யூட்டரில் "ஜாவா"வைப் போட்டு, சர்வரை ஓட்டினால் உடனே நின்றுவிடும். பயப்பட வேண்டாம். ஒப்பந்தத்துக்குச் சம்மதமா என்று அது கேட்கிறது. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, அதற்கான பைலில் "பால்ஸ்" என்பதை "ட்ரூ" என்று மாற்ற வேண்டும். மறுபடி ஓட்டினால் ஊர் பிறந்துவிடும்! அதன் கதவு எண் 25565. வெளியூர்ப் பிள்ளைகள் வர, வீட்டு இன்டர்நெட் பெட்டியிலும் அந்த எண்ணைத் திறந்துவிட வேண்டும்.

திறந்த கதவில் பிள்ளைகள் மட்டுமா வருவார்கள்? இன்டர்நெட்டில் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு.

ஒரே வரியில் திருட்டு!

2021 டிசம்பரில் உலகமே பதறியது. சர்வரில் நடப்பதை எல்லாம் எழுதி வைக்கும் "லாக்-போர்-ஜே" என்ற புரோகிராமில் ஓட்டை! விளையாட்டில் பேசிக்கொள்ளும் இடத்தில், விஷமி ஒரு வரி எழுதினால் போதும். கணக்கு எழுத வேண்டிய புரோகிராம், அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. வெளியே இருந்து விஷமியின் புரோகிராமை இழுத்துவந்து ஓட்டியது! பெரிய கம்பெனிகளும் அரசாங்க அலுவலகங்களும் இதே புரோகிராமை வைத்திருந்தன. மைன்கிராப்டில் 1.18.1 என்ற புதுப் பதிப்பு வந்து ஓட்டையை அடைத்தது.

ஆகவே, சர்வரை "ரூட்" என்ற பெயரில் ஓட்டவே கூடாது. ரூட் என்பவர் எல்லாச் சாவியும் வைத்திருக்கும் எஜமான். சர்வருக்கென்று தனிப் பெயர் கொடுத்து, ஒரு அறைச் சாவி மட்டும் கொடுங்கள். திருடன் புகுந்தாலும் வீடு முழுவதும் அவன் கைக்கு எளிதில் போகாது.

இன்னொன்று, வெள்ளைப் பட்டியல். அதில் பெயர் உள்ளவர் மட்டுமே நுழையலாம். ஆனால் சர்வர் பிறக்கும்போது அந்தப் பட்டியல் அமலில் இருக்காது. நாம்தான் அமல்படுத்த வேண்டும். வருகிறவர் நிஜமானவரா என்று சரிபார்க்கும் வசதியும் உண்டு. அதைச் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் உங்கள் மகன் பெயரிலேயே யாரும் வரலாம்!

பிள்ளைகள் மாதக்கணக்கில் கட்டிய ஊர், "வேர்ல்டு" என்ற ஒரே போல்டரில் இருக்கிறது. டிஸ்க் கெட்டால் ஊரே போச்சு! வாரம் ஒரு முறை "ஸ்டாப்" என்று கட்டளை கொடுத்து, சர்வர் நின்ற பிறகு, அந்தப் போல்டரை வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள். நிறுத்தாமல் ஒயரைப் பிடுங்காதீர்கள். கடைசியாகக் கட்டிய சுவர் காணாமல் போகும். அழுகைச் சத்தம் நாலு ஊரிலும் கேட்கும்!